மொட்டை மாடியில் ஸ்லைஸ் தீருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கோல்ஃப் பழகுகிறீர்கள். பந்தடித்துப் பழகும் மைதானமான ரேஞ்சுக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. டிரைவரை, அதாவது பந்தைத் தூரமாக அடிக்கும் நீளமான கிளப்பை (மட்டையை), கையில் எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. அந்த வளைவுதான் ஸ்லைஸ். மீதி நாட்களில் மொட்டை மாடியில் கிளப் வீசிப் பழகுகிறீர்கள், போனில் வீடியோவும் எடுக்கிறீர்கள். மாதக்கணக்கில் வீடியோ சேர்ந்ததே தவிர ஸ்லைஸ் போகவில்லை. வீட்டில் பழகி ஸ்விங்கை (கிளப் வீசும் விதத்தை) மாற்ற முடியுமா, இல்லை இதெல்லாம் வீண் வேலையா?

முடியும். ஆனால் இப்போது எடுப்பதில் கால்வாசி வீடியோ எடுத்தால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். தலை ஆடுகிறதா, முழங்கை மடங்குகிறதா, இடுப்பு திரும்புகிறதா என்று ஒரே வீடியோவில் பத்துக் குறை தேடுகிறவர், மறுநாள் பத்தையும் சேர்த்துத் திருத்தப் பார்ப்பார். பதினோராவதாக ஒரு குறை வரும், அவ்வளவுதான். நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடக்கைக்காரர் என்றால் திசைகளை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பந்து ஏன் வளைகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கிளப் ஃபேஸ் (பந்தில் படும் முகப்பு) எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். கிளப் தலை போகும் பாதைக்கும் ஃபேஸ் பார்க்கும் திசைக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. பாதையைவிட ஃபேஸ் வலப்பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ். பழைய பாடங்களில் இது தலைகீழாக இருக்கும்: பாதை கிளம்பும் திசையைத் தீர்மானிக்கும், ஃபேஸ் போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிக்கும் என்பார்கள். 2000-களில் டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் பரவிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியிருக்க வேண்டும். ஆனாலும் ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் இன்றும் அதையே சொல்வார். அதைக் கேட்டு இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதையும் இன்னும் இடப்பக்கம் போகும், வளைவு கூடும். ஸ்லைஸ் அடிப்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சுழலுக்குள்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் வீட்டில் எதையும் தொடங்கும் முன், அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனித்து எழுதிக்கொண்டு வாருங்கள். பந்து எந்தப் பக்கம் கிளம்புகிறது, எந்தப் பக்கம் வளைகிறது, ஃபேஸில் எந்த இடத்தில் படுகிறது. முதல் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். மூன்றாவதற்கு முகப்பவுடர் போதும். விரலால் தொட்டு டிரைவர் ஃபேஸில் லேசாகத் தடவிவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பவுடர் இருக்கும்போது பந்தின் சுழற்சி கொஞ்சம் மாறும், எனவே அந்தப் பந்துகள் எங்கே போயின என்று பார்க்காதீர்கள். வட்டத்தை மட்டும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டிரைவரில் பந்து ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) நுழையும் பக்கம் பட்டால், ஃபேஸ் ஒழுங்காக இருந்தாலும் பந்து வலப்பக்கம் வளையும். டிரைவர் தலையின் எடை ஃபேஸுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் ஹீலில் அடி வாங்கும்போது தலை சற்றுத் திரும்புகிறது. ஃபேஸோடு பல்சக்கரம் கோத்ததுபோல் பந்து எதிர்ப்பக்கம் சுழல்கிறது. நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும். பவுடர் வட்டங்கள் எல்லாம் ஹீலிலேயே விழுந்திருந்தால், நீங்கள் பந்துக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறீர்கள், டவுன்ஸ்விங்கில் (கிளப் கீழே இறங்கும்போது) எடை கால்விரல்களுக்குப் போய் உடம்பு முன்னால் சாய்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்விங்கைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட வேண்டியதில்லை.

வட்டங்கள் நடுவிலேயே இருக்கின்றன, பந்து நேராகவோ கொஞ்சம் இடமாகவோ கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்றால், உங்களுடையது வழக்கமான ஸ்லைஸ். கிளப் வெளியிலிருந்து (பந்துக்கு அப்பாலிருந்து) உள்ளே, உங்கள் பக்கம் வெட்டிக்கொண்டு வருகிறது, ஃபேஸ் அந்தப் பாதைக்குத் திறந்திருக்கிறது. இங்கே எல்லோரும் பாதையைத்தான் முதலில் திருத்தப் போவார்கள். வேண்டாம், ஃபேஸை முதலில் சரிசெய்யுங்கள். ஃபேஸ் திறந்தே வருவதால்தான் உங்கள் உடம்பு தன்னையறியாமல் இடப்பக்கம் இழுத்து ஈடுகட்டுகிறது. ஃபேஸ் மூடப் பழகிவிட்டால் பந்து நேராக இடப்பக்கம் பாயும். நாலைந்து பந்து அப்படிப் போனதும், இழுக்கவேண்டிய அவசியம் இல்லை என்று உடம்புக்கே புரிய ஆரம்பிக்கும். பாதையை மட்டும் திருத்திவிட்டு ஃபேஸை விட்டுவைத்தால் பந்து வலப்பக்கமே கிளம்பி, வலப்பக்கமே வளையும். அதைப் பார்த்தவுடன் பழைய ஸ்விங்குக்கு ஓடிவிடுவீர்கள்.

ஃபேஸை மாற்ற ஸ்விங்கே தேவையில்லை, கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் பிடி, போதும். கண்ணாடி பதித்த பீரோ வீட்டில் இருந்தால் அதன் முன்னால் நில்லுங்கள். இடது கையால் கிளப்பைப் பிடித்துக் குனிந்து பார்க்கும்போது புறங்கையில் எத்தனை விரல்மூட்டுகள் தெரிகின்றன? ஒன்றுதான் தெரிகிறதென்றால் பிடி வலுவில்லை. இரண்டு நன்றாகத் தெரியவேண்டும், மூன்று தெரிந்தாலும் உங்களுக்குக் கெடுதல் இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விழும் மடிப்பு உங்கள் வலது தோளை நோக்கிப் போகவேண்டும். முகவாயை நோக்கினால் கை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பவேண்டும். கிளப் உள்ளங்கையின் நடுவில் கிடக்காமல் விரல்களின் அடியில் கிடக்கட்டும். வலது கை அதன்மேல் வந்து மூடும்போது இடது கட்டைவிரல் அதற்குள் மறையும்.

புதுப் பிடி அசிங்கமாகத் தோன்றும், கிளப் கையை விட்டு நழுவப் போவதுபோல் இருக்கும். அந்த உணர்வு போகிறவரை கிளப் வீசாதீர்கள். டிவி பார்க்கும்போது ஒரு பழைய அயர்னை (உலோகத் தலை கொண்ட சற்றுக் குட்டையான கிளப்பை) மடியில் வைத்துக்கொண்டு பிடிப்பதும் விடுவதுமாக இருங்கள். பிடித்து, பார்த்து, விட்டு, மறுபடி பிடித்து. ஒரு வாரம் இப்படிப் போனால் அந்த வாரம் வீணில்லை. வீட்டுப் பயிற்சியில் மிக மலிவானதும், எல்லோரும் தாண்டிப் போவதும் இதுதான்.

சரி, கேமராவுக்கு வருவோம். இங்கேதான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள்.

பின்னாலிருந்து, அதாவது இலக்குக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கும் வீடியோவில் கேமரா உங்கள் கைகள் இருக்கும் கோட்டில் நின்று, பந்திலிருந்து இலக்குக்குப் போகும் இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பார்க்கவேண்டும். உயரம் நிற்கும் நிலையில் உங்கள் கைகள் இருக்கும் அளவு, அதாவது இடுப்பு உயரம். தூரம் 3, 4 மீட்டர். இது ஒரு சாண் மாறினாலும் படம் வேறு கதை சொல்லும். கேமரா உங்கள் குதிகால் பக்கம் நகர்ந்தால், ஒழுங்கான ஸ்விங்கிலும் கிளப் வெளியே போவதுபோல் தெரியும். பந்துக்கு வெளிப்பக்கம் நகர்ந்தால் உள்ளே இழுப்பதுபோல் தெரியும். நேற்று வைத்த இடம் ஒன்று, இன்று வைத்த இடம் ஒன்று என்றால், ஸ்விங் மாறாமலேயே மாறியதாக நினைத்துக்கொள்வீர்கள். அல்லது நிஜமாக மாறியது தெரியாமல் போகும்.

மொட்டை மாடியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தளத்தில் பதித்த ஓடுகளின் கோடுகளில் ஒன்றை இலக்குக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து வைக்கும் இடம், கால்கள் நிற்கும் இடம், டிரைபாடின் மூன்று கால்கள் என எல்லாவற்றுக்கும் பெயின்ட்டால் ஒரு சின்னப் புள்ளி. டிரைபாட் இல்லையென்றால் ஸ்டூல்மேல் இரண்டு செங்கல், நடுவில் போன். இது போதும், ஆனால் ஸ்டூலின் கால்களுக்கும் புள்ளி வேண்டும். போனில் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்து நீட்டிவிடும். சாதாரண லென்ஸ் வைத்துத் தள்ளி நின்று எடுங்கள்.

முன்னாலிருந்து எடுப்பது இரண்டாவது கோணம். உங்கள் நெஞ்சுக்கு நேரெதிரே, அதே உயரம். பந்து எங்கே இருக்கிறது, எடை எப்போது இடது காலுக்குப் போகிறது, அடிக்கும்போது கைகள் பந்துக்கு முன்னால் இருக்கின்றனவா என்பதற்கு இது. ஸ்லைஸுக்குப் பின்கோணம் போதும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளப் தலை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால் நொடிக்கு 44 மீட்டர் சொச்சம். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிளப் ஒன்றரை மீட்டர் தாண்டியிருக்கும். பந்தை அடிக்கும் கணம் படத்திலேயே இருக்காது. 240 பிரேம் ஸ்லோமோஷனில் அது 18, 19 சென்டிமீட்டராகக் குறையும். ஸ்லோமோஷன் வைத்தும் கிளப் புகைபோல் கலங்கித் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். காலை ஏழரை, எட்டு மணி வெயில் மாடியில் அருமையாக இருக்கும். இரவில் வீட்டுக்குள் எடுத்தால் படம் விட்டுவிட்டு மினுங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கித் துலங்குவதை ஸ்லோமோஷன் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், ஷாஃப்ட் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிந்தால் பயப்படாதீர்கள். போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் கோணல் அது. அதை நம்பி ஷாஃப்ட் மாற்றக் கடைக்குப் போய்விடவேண்டாம்.

படத்தில் எதைப் பார்ப்பது? இரண்டே இரண்டு பிரேம். ஒன்று, பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்குவதின்) உச்சி. ஃபேஸ் உங்கள் இடது முன்கைக்கு இணையாகப் படுத்திருந்தால் சரி. கிளப் தலையின் நுனி நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கினால் ஃபேஸ் திறந்திருக்கிறது. அநேகமாக இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்து குழி விழுந்திருக்கும். இரண்டு, டவுன்ஸ்விங்கில் ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் பிரேம். கிளப் தலை உங்கள் கைகளை மறைத்தாற்போல் அதே கோட்டில் இருக்கவேண்டும். கைகளுக்கு வெளியே, பந்துப் பக்கம் துருத்திக்கொண்டு தெரிந்தால் கிளப் வெளியிலிருந்து வெட்டுகிறது. மற்ற இருநூற்றுச் சொச்சம் பிரேம்களை விட்டுவிடுங்கள். முதல் ஒரு மாதம் உச்சிப் பிரேம் மட்டும் போதும்.

பந்தை அடிக்கும் நொடியில் ஃபேஸ் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் போன் கேமராவால் நம்பும்படி சொல்ல முடியாது. அதற்கு ஒரு பழைய போர்வை போதும். கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு, பந்து வைக்கும் இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இலக்குக் கோட்டுக்கு நேரே போர்வையில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டுங்கள். ஸ்பாஞ்ச் பந்தை அடியுங்கள். பந்து பெரும்பாலும் ஃபேஸ் பார்க்கும் பக்கம் கிளம்பும் என்றேன் இல்லையா? 3 மீட்டர் தூரத்தில் 2 டிகிரி விலகல் சுமார் 10 சென்டிமீட்டர், 5 டிகிரி விலகல் 26 சென்டிமீட்டர். டேப்புக்கு எந்தப் பக்கம், எத்தனை விரல் தள்ளிப் பட்டது என்று பார்த்தாலே ஃபேஸின் கதை தெரிந்துவிடும். பாதையைக் கேமரா சொல்லும், ஃபேஸைப் போர்வை சொல்லும். ஸ்லைஸைப் புரிந்துகொள்ள வேறு கருவி வேண்டியதில்லை.

வீட்டில் ஸ்பாஞ்ச் பந்து அடிப்பது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றினால், பப்பா வாட்சனை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர், முறையாக யாரிடமும் பாடம் கேட்காதவர். ஃபுளோரிடாவில் சிறுவனாக இருந்தபோது துளை போட்ட பிளாஸ்டிக் பந்துகளை வீட்டைச் சுற்றி வளைத்து வளைத்து அடித்துப் பழகியவர். 2012-லும் 2014-லும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை ஜெயித்தார். இடக்கைக்காரர். நம்மில் யாரும் அவராகப் போவதில்லை. ஆனால் பந்தை வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து அடிப்பது உங்களுக்கும் நல்ல பயிற்சி. டேப்புக்கு இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்று சொல்லி வைத்து அடித்துப் பாருங்கள். ஃபேஸ் உங்கள் கைக்குக் கட்டுப்படுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

பாதைக்கு வருகிற கட்டத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். பந்துக்கு ஒரு சாண் பின்னால், இலக்குக் கோட்டுக்கு வெளிப்பக்கம் நான்கு விரல் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் கிளப் பெட்டியைத் தட்டிவிடும். பெட்டி அசையாமல் பந்தை அடிப்பதுதான் வேலை. இதற்கு வீடியோவே தேவையில்லை, ஒவ்வொரு அடிக்கும் அந்த நொடியிலேயே பதில் கிடைக்கிறது. உங்கள் கவனமும் தோள், முழங்கை என்று உடம்புக்குள் போகாமல் வெளியே இருக்கும் பொருளில் நிற்கும். 1999-ல் உடலியக்கக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் குழுவினர் புதிதாகக் கோல்ஃப் கற்பவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கைகளின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிட, கிளப்பின் அசைவில் கவனம் வைத்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள்.

அயர்னுக்கு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்நார் மிதியடியைத் தரையில் போட்டு, அதன்மேல் குறுக்கே அரிசி மாவால் ஒரு கோடு போடுங்கள். கோலப்பொடி வேண்டாம், அதில் கல்மாவு கலந்திருக்கும், கிளப்பைக் கீறும். ஏழாம் நம்பர் அயர்னால் பாதி வேகத்தில் வீசும்போது கிளப் மிதியடியை உரசத் தொடங்கும் இடம் கோட்டில் அல்லது அதற்கு இலக்குப் பக்கம் இருக்கவேண்டும். கோட்டுக்குப் பின்னாலேயே உரசினால் எடை இன்னும் வலது காலில் நிற்கிறது. மாவு எங்கே கலைந்தது என்று குனிந்து பார்த்தால் போதும். எறும்பும் அணிலும் வந்து மீதியைச் சுத்தம் செய்துவிடும்.

இப்போது எப்படிப் பழகுவது. தினமும் பதினைந்து, இருபது நிமிடம். தொடக்கத்தில் ஒரு வீடியோ, முடிவில் ஒரு வீடியோ. நடுவில் போனைத் தொடாதீர்கள். முதலில் பந்து இல்லாமல், ஆமை வேகத்தில், கண்ணாடி முன்னால் உச்சிவரை போய் நின்று மணிக்கட்டைப் பாருங்கள். பிறகு பந்தோடு அதே ஆமை வேகம். பிறகு பாதி வேகம். கடைசியில்தான் முழு வேகம், அதுவும் நாலைந்து தடவை. பந்து இல்லாத ஸ்விங் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். பந்தைப் பார்த்ததும் பழைய ஸ்விங் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் முடிவு வீடியோ பந்தோடு எடுத்ததாக இருக்கவேண்டும். வெறும் கிளப் வீசிய வீடியோவைப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை.

முடிவு வீடியோவைத் திறக்கும் முன் ஒரு வேலை. இப்போது அடித்ததில் உச்சியில் ஃபேஸ் திறந்திருந்ததா, மூடியிருந்ததா, மணிக்கட்டு எப்படி இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். ஆரம்பத்தில் நீங்கள் சொன்னதும் படம் சொல்வதும் ஒத்தே வராது. மணிக்கட்டை முழுக்க முறுக்கிவிட்டதாக நினைத்திருப்பீர்கள். படத்தில் ஒரு இம்மி நகர்ந்திருக்கும். பழகிய உடம்புக்குச் சின்ன மாற்றமே பெரிய கூத்தாகத் தெரியும். எனவே சரியான அளவு செய்யப் பார்க்காதீர்கள், மிகையாகச் செய்யுங்கள். போர்வையில் பந்து டேப்புக்கு நன்றாக இடப்பக்கம் போய் விழும் அளவுக்கு ஃபேஸை மூடிப் பாருங்கள். இரண்டு எல்லையும் தெரிந்தால்தான் நடு எங்கே என்று தெரியும். நீங்கள் சொன்னதும் படமும் ஒத்துப்போக ஆரம்பிக்கும் நாளில் கேமரா இல்லாமலும் பழகலாம்.

ஒவ்வொரு அடிக்கும் வீடியோ பார்த்தால் இந்த உணர்வு வளரவே வளராது. அடிக்கடி வெளியிலிருந்து பதில் கிடைத்தால் கற்பவர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார், அதை எடுத்துவிட்டதும் தடுமாறுகிறார் என்பது உடலியக்கக் கற்றல் ஆய்வுகளில் 1980-களிலிருந்தே பேசப்படும் விஷயம்.

வீடியோவால் பலன் வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. 2002-ல் ஒரு விளையாட்டு அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. 30 ஆட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: வீடியோ உதவியோடு பாடம் கேட்டவர்கள், வாய்ச்சொல்லாக மட்டும் பாடம் கேட்டவர்கள், தாங்களாகவே பழகியவர்கள். ஒன்றரை மணி நேரப் பயிற்சி நான்கு முறை. முடிந்த கையோடு ஏழாம் நம்பர் அயர்னில் சோதித்தபோது, பாடம் கேட்ட இரண்டு குழுக்களும் தாங்களாகப் பழகியவர்களைவிட மோசமாக அடித்தன. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது பாடம் கேட்டவர்கள் முந்திவிட்டார்கள். அதிலும் வீடியோக் குழு முதலிடம். அந்தக் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு கோச் இருந்தார் என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் உங்களுக்கு இதில் இருக்கும் சேதி பெரிது. புது ஸ்விங்கோடு போகும் முதல் வாரத்தில் ரேஞ்சில் பந்து கண்டபடி போகத்தான் செய்யும். அந்த வாரத்தில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஸ்விங்கைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அவர்கள் உடல்வாகு வேறு, கேமரா இருந்த இடம் வேறு, கையில் இருந்த கிளப்பும் வேறாக இருக்கலாம். ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் உச்சியில் ஒரு பெரிய வளையம் போட்டுத்தான் கீழே வரும். வீடியோ பார்த்துத் திருத்துகிறவர் கையில் அவர் கிடைத்திருந்தால் அந்த வளையத்தைத்தான் முதலில் எடுத்திருப்பார். அந்த ஸ்விங்கோடு அவர் 2003-ல் யுஎஸ் ஓப்பன் ஜெயித்தார், 2016-ல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஒரு சுற்றின் பதினெட்டுக் குழிகளையும் 58 ஷாட்டுகளிலேயே முடித்தார். அடிக்கும் கணத்தில் ஃபேஸ் ஒழுங்காக இருந்தது, அதுதான் கணக்கு. உங்கள் வீடியோவை உங்களுடைய போன மாத வீடியோவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அவர்களிடம் எடுத்துக்கொள்ளக்கூடியது தாளம். நல்ல ஆட்டக்காரர்கள் பலரிடம் பேக்ஸ்விங் எடுக்கும் நேரம் டவுன்ஸ்விங்கைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 240 பிரேமில் எடுத்தால் மேலே போக 190 பிரேம், கீழே வர 64 பிரேம் மாதிரி வரும். எப்போதாவது எண்ணிப் பாருங்கள், போதும்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணினியில் கினோவியா இலவசம், கோடு போடலாம், பிரேம் பிரேமாக நகர்த்தலாம். ஒரே கேமரா படத்தை வைத்து இடுப்பு இத்தனை டிகிரி, தோள் இத்தனை டிகிரி என்று எண் காட்டும் செயலிகளின் எண்களை அப்படியே நம்பவேண்டாம்.

பாதுகாப்பு. டிரைவர் 45 அங்குலம் நீளம்; உங்கள் கையையும் சேர்த்தால் ஹாலில் சீலிங் ஃபேனை எட்டும். வீட்டுக்குள் என்றால் அயர்ன், அதுவும் பாதி ஸ்விங், ஃபேனை நிறுத்திவிட்டு. மாடியில் துணி காயப்போட யாராவது வருவார்கள், குழந்தைகள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார்கள், கதவைத் தாழ்போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த கையில் கிளப் நழுவினால் கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போகும், துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பந்தை மாடியில் அடிக்கவே அடிக்காதீர்கள். டிரைவரில் பட்ட பந்து மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கிளம்பும். கொசுவலையோ போர்வையோ அதைத் தாங்காது. கிரிக்கெட் வலையின் கண் பெரிதாக இருந்தால் 43 மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தப் பந்து நுழைந்து போய்விடும். கீழ்முதுகு, முழங்கை, மணிக்கட்டு இவற்றில் வலி வந்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள். சிமெண்ட் தரையில் கிளப் இடிக்கும் அதிர்ச்சி நேராக முழங்கைக்குத்தான் போகும்.

கோச்சை முழுக்க விட்டுவிடவேண்டாம். மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ போய், முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் மட்டும் காட்டுங்கள், ரேஞ்சில் எழுதிய குறிப்பையும் காட்டுங்கள். அடுத்து எந்த ஒன்றைத் திருத்துவது என்று மட்டும் கேளுங்கள். அவர் மூன்று சொன்னால், முதலில் எது என்று திரும்பக் கேளுங்கள்.

ஆறு வாரம் கழித்து உச்சிப் பிரேமில் ஃபேஸ் சரியாக இருக்கிறது, போர்வையில் பந்து டேப்பை ஒட்டியே விழுகிறது, பெட்டியும் அசையவில்லை, ஆனால் ரேஞ்சில் டிரைவர் மட்டும் இன்னும் வளைகிறது என்றால், மறுபடி பவுடரை எடுங்கள். அநேகமாக வட்டங்கள் ஹீல் பக்கம் நகர்ந்திருக்கும். பாதை உள்ளிருந்து வர ஆரம்பித்ததும் கிளப் தலை வெளிப்பக்கம் தள்ளி வந்து பந்தைத் தொடுவது சகஜம். பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.